பெஞ்சுக்குப் பின்னால் நிற்கப் பழகுங்கள்: புதிதாக வகுப்பெடுக்கப் போகிறவர்களுக்கு ஐஸ் ஹாக்கியிலிருந்து சில பாடங்கள்

கனடாவின் டொராண்டோ நகரத்து ஸ்கார்பரோவில் ஒரு பள்ளிக்கூட மாடியறை, சனிக்கிழமை காலை, இரண்டரை மணி நேரத் தமிழ் வகுப்பு, எட்டு வயதிலிருந்து பத்து வயது வரை பதினெட்டுப் பிள்ளைகள். என் முதல் வகுப்பில் நான் ஐம்பது நிமிடம் நிறுத்தாமல் உயிர்மெய் எழுத்துகளைப் பற்றிப் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு நினைப்பு உண்டு. ஆனால் முன்வரிசையில் ஒரு பையன் கன்னத்தை மேசையில் சாய்த்துக்கொண்டு அழிரப்பரை விரலால் சுண்ட, அது இரண்டு பென்சில்களுக்கு நடுவே போய் நிற்க, பக்கத்தில் இருந்தவன் சத்தமில்லாமல் இரண்டு கையையும் தூக்கினான். கோல். சுண்டியவன் சட்டையில் டொராண்டோவின் ஐஸ் ஹாக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸின் நீல இலை.

அன்று ராத்திரி டிவியில் மேட்ச் பார்க்க உட்கார்ந்தேன். கனடாவில் சனிக்கிழமை இரவு என்றாலே ஹாக்கிதான். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு அதுவரை ஹாக்கி என்றால் தன்ராஜ் பிள்ளை, இது முற்றிலும் வேறு ஆட்டம். பந்துக்குப் பதில் பக் என்கிற கறுப்பு ரப்பர் வட்டு, கண் அதைப் பிடிக்கவே இரண்டு வாரம் ஆனது. அதனாலோ என்னவோ, என் பார்வை பெஞ்சுக்குப் பின்னால் கோட்டும் டையுமாக நின்ற கோச்சின் மேலேயே இருந்தது. ஆட்டம் முழுக்க அந்த மனிதர் பக்கைத் தொடவில்லை, ஐஸில் காலே வைக்கவில்லை. யார் இறங்குவது, யாரோடு சேர்ந்து, எவ்வளவு நேரம், எப்போது திரும்ப வருவது, இதைத்தான் முடிவு செய்துகொண்டே இருந்தார். காலையில் நான் என்ன செய்தேன்? ஆட வந்த பதினெட்டுப் பேரையும் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, நானே ஸ்கேட் கட்டிக்கொண்டு ஐம்பது நிமிடம் சுற்றிச் சுற்றி ஆடிக் காட்டியிருக்கிறேன்.

அதற்கப்புறம் நாலு வருடமாக அந்த மேட்ச்களிலிருந்து ஒவ்வொன்றாகத் திருடிக்கொண்டு வந்து வகுப்பில் போட்டுப் பார்த்து, தேறியவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். ஹாக்கி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வேண்டியதைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு பயத்தை இறக்கி வையுங்கள்

"எனக்கு இலக்கணம் அவ்வளவு வராதே, நான் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது" என்று தயங்குகிறவர்களும் உண்டு, "எனக்குத் தமிழ் தண்ணி பட்ட பாடு, அப்புறம் என்ன" என்று வருகிறவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். வெய்ன் கிரெட்ஸ்கியைவிடப் பெரிய ஆட்டக்காரர் கிடையாது என்றுதான் இந்த ஊரில் பேச்சு. அவர் 2005 முதல் 2009 வரை நான்கு சீசன் ஃபீனிக்ஸ் அணிக்கு கோச்சாக இருந்தார், ஒரு தடவைகூட அந்த அணி பிளேஆஃப் என்கிற இறுதிக்கட்டச் சுற்றுகளுக்குப் போகவில்லை. ஸ்காட்டி போமன் ஜூனியராக ஆடிய காலத்திலேயே தலையில் அடிபட்டு, வட அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறை லீக்கான என்.எச்.எல். லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். கோச்சாக, லீக் சாம்பியனுக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பை ஒன்பது: மாண்ட்ரியாலில் ஐந்து, பிட்ஸ்பர்க்கில் ஒன்று, டெட்ராய்ட்டில் மூன்று. எந்த லைன், அதாவது சேர்ந்து இறங்கும் ஆட்டக்காரர் குழு, களத்தில் இருக்கும்போது எதிரணியின் எந்த லைன் வருகிறது என்று பார்த்து ஆளை இறக்குவதில் அவருக்கு இணையில்லை. நீங்கள் தேர்ச்சி பெற வேண்டிய வேலை அதுதான். இலக்கணத்தை முந்தின நாள் ராத்திரி புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு ஷிஃப்ட் எவ்வளவு நேரம்

என்.எச்.எல். ஆட்டம் அறுபது நிமிடம், இருபது இருபதாக மூன்று பீரியட். இடைவேளை, விசில், விளம்பரம் எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் ஓடும், நம் சனிக்கிழமை வகுப்பு மாதிரியே. ஆனால் ஒரு ஆட்டக்காரர் ஒரு தடவை இறங்கினால் ஐஸில் இருப்பது நாற்பது, ஐம்பது வினாடி. அவ்வளவுதான். முழு வேகத்தில் ஆடிவிட்டு பெஞ்சுக்கு வந்துவிட வேண்டும், அடுத்த லைன் தடுப்பைத் தாண்டிக் குதிக்கும். முன்னணித் தாக்குதல் ஆட்டக்காரருக்கே மொத்தத்தில் இருபது நிமிடம் போலத்தான் கிடைக்கும், மீதி நேரம் அவர் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு பார்க்கிறார். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவனுக்கே முழுக் கவனம் ஒரு நிமிடத்துக்குள் என்றால், எட்டு வயதுப் பிள்ளையிடம் ஐம்பது நிமிடம் கேட்டது எவ்வளவு அநியாயம் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

வகுப்பில் நாற்பது வினாடி ஷிஃப்ட் வைக்க முடியாது. என் கையில் தேறியது ஆறு, ஏழு நிமிடம். ஆறு நிமிடம் வாசிப்பு, ஐந்து நிமிடம் பக்கத்துப் பிள்ளையோடு பேச்சு, ஏழு நிமிடம் எழுத்து, அப்புறம் மறுபடி வாசிப்பு. நான் கரும்பலகைக்கு முன்னால் நின்று விளக்குவதும் ஒரு ஷிஃப்ட்தான், அதற்கும் அதே ஆறு நிமிடம்தான். மேசைமேல் சமையலறை டைமர் ஒன்று வைத்திருக்கிறேன், அது அடித்தால் வாக்கியம் பாதியில் இருந்தாலும் நிறுத்திவிடுவேன். முதல் இரண்டு வாரம் இது எனக்கு அவமானமாக இருந்தது, பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஆள் மாறும் நேரம். ஹாக்கியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆளை மாற்றலாம், ஆனால் அதைச் சொதப்பினால் கோல் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். முந்தினவன் வந்து சேர்வதற்குள் அடுத்தவன் குதித்து ஆட்டத்தில் கலந்துவிட்டால் ஆள் கூடிப்போனதற்கு இரண்டு நிமிடத் தண்டனை. வகுப்பிலும் கூச்சல், சண்டை, பென்சில் காணாமல் போவது எல்லாம் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அந்த ஒரு நிமிடத்தில்தான். அதனால் அடுத்த வேலைக்கான தாளை முந்தின வேலை நடக்கும்போதே மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுங்கள். டைமர் அடித்தால் திருப்பினால் போதும். "எல்லாரும் நோட்டை எடுங்க" என்று சொல்ல வேண்டிய நிலை வந்தாலே ஒரு கோல் போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடுப்பகுதியில் பெஞ்ச் தூரம்

இதை ஹாக்கிப் பித்துப் பிடித்த ஒரு அப்பா எனக்குச் சொன்னார். முதல் பீரியட் முடிந்ததும் அணிகள் பக்கம் மாறும், ஆனால் பெஞ்ச் இடம் மாறாது. அதனால் இரண்டாவது பீரியடில் தன் கோலைக் காத்துக்கொண்டிருக்கும் ஆட்டக்காரருக்கு பெஞ்ச் தள்ளிப் போய்விடும், களைத்தவர்கள் வந்து மாறிக்கொள்ள முடியாமல் மாட்டிக்கொள்வார்கள். அந்த பீரியடில் கோல் அதிகம் விழுவதற்கு இது ஒரு காரணம் என்கிறார்கள்.

இரண்டரை மணி நேர வகுப்பில் நடு ஐம்பது நிமிடம் அப்படித்தான். காலைச் சுறுசுறுப்பு தீர்ந்திருக்கும், வீட்டுக்குப் போகிற உற்சாகம் இன்னும் வந்திருக்காது. கஷ்டமான பாடத்தை அங்கே வைக்காதீர்கள். ஷிஃப்டை இன்னும் சின்னதாக்குங்கள், பிள்ளைகளை எழுந்து நடக்கவிடுங்கள். இடைவேளையில் கரும்பலகையைச் சுத்தமாகத் துடைத்துவிடுவதும் என் வழக்கம். பீரியடுகளுக்கு நடுவே சாம்போனி வண்டி வந்து கீறல் விழுந்த ஐஸை வழித்து, தண்ணீர் விட்டு, கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டுப் போகுமே, அதுபோல. என் வகுப்பில் பலகை துடைக்கிறவருக்குப் பெயரே சாம்போனி, அந்த வேலைக்குச் சண்டையே நடக்கும்.

யாரை எங்கே உட்காரவைப்பது

இந்தப் பகுதியைத்தான் நான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன்.

வில்லி ஓரீ என்று ஒருவர். 1958 ஜனவரி 18ஆம் தேதி பாஸ்டன் அணிக்காக இறங்கி, என்.எச்.எல். லீக்கில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். அதற்கு முன்பே, ஜூனியராக ஆடும்போது பக் பட்டு அவருடைய வலது கண்ணில் பார்வை கிட்டத்தட்ட முழுக்கப் போயிருந்தது. வெளியே சொன்னால் ஆடவிட மாட்டார்கள் என்று மறைத்துவிட்டார். அவர் ஆடிய இடம் இடது விங். இடது ஓரத்தில் ஓடுகிறவருக்கு பாஸ் வருவது வலது பக்கத்திலிருந்து, அதாவது தெரியாத கண்ணின் பக்கத்திலிருந்து. ஒவ்வொரு தடவையும் கழுத்தை முழுக்க வலப்பக்கம் திருப்பித்தான் பக்கைப் பார்க்க வேண்டும். என்.எச்.எல். லீக்கில் மொத்தம் 45 ஆட்டத்தோடு அவர் கணக்கு முடிந்தது. பிறகு மேற்குக் கரையில் வேறொரு லீக்கில், லாஸ் ஏஞ்சலஸ் அணியில் அவரை வலது விங்குக்கு மாற்றினார்கள். இப்போது ஆட்டம் முழுக்க நல்ல கண்ணின் பக்கம். 1964-65 சீசனில் 38 கோல் அடித்தார். ஆள் அதே ஆள்தான், கம்பும் அதே கம்புதான்.

எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி. ஜன்னலோர வரிசை, வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வாள், கேள்வி கேட்டால் பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பாள். வரவில்லை போல என்று அவளுக்குச் சுலபமான தாளாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கூட்டிப் போக வந்த அவளுடைய அப்பம்மா வாசலில் நின்று, "வீட்டில நல்லா வாசிக்கிறாள், இங்க மட்டும் ஏன் சேர் வாயே திறக்கிறாளில்லை?" என்று கேட்டார். பேசிப் பேசி விஷயம் வெளியே வந்தது: ஒரு காதில் கேட்பது கொஞ்சம் குறைவு. பிள்ளை யாரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் பெரிதாக நினைக்கவில்லை. நான் உட்காரவைத்திருந்த இடத்தில் அவளுடைய நல்ல காது, கடகடவென்று இரையும் ஹீட்டர் பக்கம். எதிர்ச்சுவர்ப் பக்கம் மாற்றினேன். மூன்றாவது வாரம் கை தூக்கினாள்.

ஆகவே ஒரு பிள்ளையைப் பற்றி "இது மக்கு", "இது சோம்பேறி" என்று மனசுக்குள் எழுதுவதற்கு முன்னால் இடத்தை மாற்றிப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எல்லோரையும் மாற்றுங்கள், அப்போதுதான் யாரையும் தனியாகக் காட்டிக்கொடுத்ததாக ஆகாது. பெற்றோரிடம் முதல் வாரமே கண், காது பற்றி நேராகக் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை, நாலு மாதம் வீணாகப் போனது.

கையைத் தூக்குங்கள், விசிலை ஊதாதீர்கள்

ஹாக்கியில் எனக்கு மிகவும் பிடித்த விதி இது. ஒருவன் தப்பு செய்தால் நடுவர் உடனே விசில் ஊத மாட்டார். ஒரு கையை மேலே தூக்கிக்கொண்டு கூடவே ஓடுவார். தப்பு செய்த அணியின் கைக்கு பக் போகும் வரை ஆட்டம் நடக்கும், அப்புறம்தான் விசில். ஒருத்தன் செய்ததற்காக எதிரணியின் நல்ல வாய்ப்பு கெட்டுப்போகக் கூடாது என்பது கணக்கு.

நான் ஆரம்பத்தில் பின்வரிசையில் ஒருவன் பேசினால் வாசித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை நிறுத்திவிட்டு அவனைத் திட்டுவேன். தட்டுத்தடுமாறி வாசித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு அந்த இடத்தில் அறுந்த மூச்சு திரும்ப வராது. இப்போது ஒரு கையைத் தூக்குகிறேன், அவ்வளவுதான். யாருக்கு என்று அவனுக்குத் தெரியும், வாசிப்பு நடக்கும், முடிந்ததும் கவனிக்கிறேன்.

தண்டனையும் அங்கேயிருந்தே எடுத்ததுதான். சின்னத் தப்புக்கு இரண்டு நிமிடம் பெனால்டி பாக்ஸ். உள்ளே போய் உட்கார வேண்டும், நேரம் முடிந்ததும் கதவு திறக்கும், நேராக ஆட்டத்துக்குள் ஓட வேண்டியதுதான். மன்னிப்புக் கடிதம் கிடையாது, "இனிமே செய்வியா" கிடையாது. ஒரு காலத்தில் எதிரணி கோல் அடித்தாலும் முழு இரண்டு நிமிடமும் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று இருந்தது. 1955 நவம்பரில் பாஸ்டனுக்கு எதிராக, அப்படி ஆள் குறைந்திருந்த நேரத்தில் மாண்ட்ரியாலின் ஜான் பெலிவோ 44 வினாடிக்குள் மூன்று கோல் அடித்துவிட்டார். தப்புக்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டது என்று அடுத்த சீசனிலிருந்து விதியை மாற்றினார்கள்: சின்னத் தப்புக்கு உள்ளே போனவன், எதிரணி ஒரு கோல் அடித்ததும் வெளியே வந்துவிடலாம். வகுப்பில் சத்தம் போட்டவனை மற்றப் பிள்ளைகள் ஏற்கெனவே முறைத்துவிட்டார்கள் என்றால் கதை அங்கேயே முடிந்தது. நீங்கள் போய் மேலே இரண்டு கொட்டு வைக்காதீர்கள்.

பிள்ளைகள் விதியில் ஓட்டை கண்டுபிடிப்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள். ரோஜர் நீல்சன் என்ற கோச், ஜூனியர் அணியை நடத்திய காலத்தில், எதிரணியில் ஒருவர் மட்டும் தனியாக வந்து கோல் அடிக்கப் பார்க்கும் பெனால்டி ஷாட்டுக்கு, வலையைக் காக்கும் கோலியை எடுத்துவிட்டு ஒரு தடுப்பாட்டக்காரரை நிறுத்தினார். அடிக்க வருபவர் புறப்பட்டதும் இவர் பாய்ந்து போய் மறித்துவிடுவார். கோலிதான் நிற்க வேண்டும் என்று விதியில் எழுதியிருக்கவில்லை. அதற்கப்புறம்தான் எழுதினார்கள். நான் "ஆளுக்கு ஒரு வரி வாசிக்கணும்" என்று சொன்ன அன்றைக்கு ஒருவன் கதைப் பக்கத்தை நிதானமாகத் தேடி, "ஆமாம்." என்று மட்டும் இருந்த வரியை வாசித்துவிட்டு உட்கார்ந்தான். கோபப்படாதீர்கள், சிரித்துவிட்டு விதியை மாற்றுங்கள். அப்படித் தேடுகிறவன் பக்கம் முழுவதையும் படித்திருக்கிறான்.

கோல் அடித்தவர் மட்டும் போதாது

ஒரு கோல் விழுந்தால் அடித்தவர் பெயரோடு, அதற்கு முன்னால் பக்கைக் கொடுத்த இரண்டு பேர் வரை அசிஸ்ட் என்று கணக்கில் ஏறும். கோலுக்கும் ஒரு புள்ளி, அசிஸ்ட்டுக்கும் ஒரு புள்ளி. கிரெட்ஸ்கி அடித்த கோல் 894, அவருடைய அசிஸ்ட் 1,963. கோல் அத்தனையையும் அழித்துவிட்டாலும் அந்த அசிஸ்ட்டை மட்டும் வைத்தே லீக்கின் மொத்தப் புள்ளிப் பட்டியலில் அவர்தான் முதலிடம்.

இதை வகுப்பில் செய்வது சுலபம். ஒரு பிள்ளை சரியான பதில் சொன்னால், "இது உனக்கு எப்படித் தெரிந்தது, யார் சொன்னது?" என்று ஒரு கேள்வி. சொல்லிக்கொடுத்த பிள்ளையின் பெயரும் பலகையில் ஏறும். கொஞ்ச நாளில் பதில் தெரிந்தவர்கள் அதை ஒளித்துவைக்காமல் பக்கத்தில் கொடுக்க ஆரம்பித்தார்கள். கொஞ்சம் காப்பியடிப்பும் கூடியது, பொய் சொல்ல மாட்டேன். அதனால் நாலு பேர் குழுவாகச் செய்யும் வேலைக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தப்பு விழுந்த பிறகு

கோலியைப் பாருங்கள். கோல் விழுந்ததும் அவர் தலைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரியும், எதிரணியின் சொந்த ஊர் என்றால் ஹாரன் அலறும், பல்லாயிரம் பேர் எழுந்து நிற்பார்கள். கோலி திரும்பி, வலைக்கு மேல் இருக்கிற தண்ணீர் பாட்டிலை எடுத்து முகத்தில் பீய்ச்சிக்கொண்டு, ஓரமாக ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து மறுபடி குனிந்து நிற்பார். லீக்கின் கோலிகள் நூறு ஷாட்டில் தடுப்பது தொண்ணூறு போல. பத்து உள்ளே போகும் என்று தெரிந்துதான் நிற்கிறார்கள்.

பிள்ளைகளுக்கும் அந்தத் தண்ணீர் பாட்டில் மாதிரி ஒன்று வேண்டும். பலகையில் தப்பாக எழுதினால் நான் திருத்துவதில்லை. எழுதிய பிள்ளையே டஸ்டரை எடுத்துத் துடைத்துவிட்டு, அறையை ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடி எழுதலாம். அந்தச் சுற்றில் சுவரில் ஒட்டியிருக்கும் எழுத்து அட்டைகளைப் பார்த்துக்கொள்வது அவர்கள் சாமர்த்தியம். திருத்தம் சொல்வதென்றால் சுடச்சுட, ஒன்றே ஒன்று. இப்போதெல்லாம் ஷிஃப்ட் முடிந்து வந்தவருக்கு பெஞ்சிலேயே டேப்லெட்டில் அந்தக் காட்சியைக் காட்டிவிடுகிறார்கள், சில வினாடி, ஒரே ஒரு விஷயம். ஒரு வாரம் கழித்துச் சிவப்பு மையில் பதினேழு சுழி போட்டுத் திருப்பிக் கொடுத்தால் அதை யாரும் படிப்பதில்லை, நான் சின்ன வயதில் படித்தேனா என்ன?

பிறந்த மாதத்தைப் பார்த்துவிடுங்கள்

1980களில் ஆல்பர்ட்டாவின் லெத்பிரிட்ஜ் ஊரில் ஒரு ஜூனியர் ஹாக்கி ஆட்டம். ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரின் மனைவி பாலா, ஆட்டக்காரர்களின் விவரம் அச்சிட்ட தாளைப் புரட்டியபோது, பெரும்பாலோர் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்களாக இருப்பதைக் கவனித்தார். பார்ன்ஸ்லி போய்ப் பட்டியல்களை எடுத்து அலசி 1985இல் ஆய்வாகவே வெளியிட்டார். காரணம் ரொம்பச் சாதாரணம். வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 எல்லை. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு, ஒன்பது வயதில் அந்தப் பதினோரு மாதம் உயரத்தில், பலத்தில் தெரியும். பெரியவனைக் கெட்டிக்காரன் என்று எடுத்து நல்ல கோச்சிங்கும் கூடுதல் ஐஸ் நேரமும் கொடுக்க, கொஞ்ச வருடத்தில் அவன் நிஜமாகவே கெட்டிக்காரன் ஆகிவிடுவான்.

ஒன்டாரியோப் பள்ளிகளிலும் காலண்டர் வருடம்தான் எல்லை. என் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நான் "மெதுவான குழு" என்று மனசில் வைத்திருந்த ஐந்து பேரில் நாலு பேர் செப்டம்பருக்குப் பின்னால் பிறந்தவர்கள். உங்கள் பட்டியலிலும் பெயருக்குப் பக்கத்தில் மாதத்தை எழுதிவிட்டு ஒரு தடவை பாருங்கள்.

எடுக்கக் கூடாதவை

தொழில்முறை அணி சரியாக ஆடாதவனைக் கீழ் லீக்குக்கு அனுப்பலாம், விற்கலாம், பெஞ்சிலேயே உட்காரவைத்துவிடலாம். உங்களுக்கு அந்த வசதி கிடையாது, இருக்கவும் கூடாது. பதினெட்டுப் பேரும் எல்லா வாரமும் ஆட வேண்டும். பிள்ளைகளுக்கு ஸ்கோர் பலகை வேண்டாம். ஆட்டத்துக்கு நடுவே கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடித்துக்கொள்ளும் வழக்கம் பற்றிப் பையன்கள் நிறையக் கேட்பார்கள், அதற்கும் ஐந்து நிமிடம் பெனால்டி உண்டு என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இந்தச் சனிக்கிழமைக்கு

ஒரே நாளில் எல்லாவற்றையும் கொண்டுபோகாதீர்கள். முதல் வாரம் டைமர் மட்டும். வெள்ளி இரவு ஒரு அட்டையில் ஷிஃப்டுகளை வரிசையாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பேசப் போகிறார்கள் என்று ஒரு வார்த்தை. "நான்" என்று எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள், மூன்றுக்கு மேல் போனால் அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். இரண்டாவது வாரம் இட மாற்றம். கை தூக்குவது, அசிஸ்ட் எல்லாம் ஒரு மாதம் கழித்து வரட்டும்.

அப்புறம், ரப்பர் சுண்டின அந்தப் பையன். இரண்டாவது வாரம் அவனைக் கூப்பிட்டு, முந்தின இரவு மேட்சில் என்ன நடந்தது என்று தமிழில் ஆறு நிமிடம் வகுப்புக்குச் சொல்லச் சொன்னேன். "கோலி விழுந்தான், பக் போச்சு, விளக்கு எரிஞ்சுது" என்று ஆரம்பித்தவனை டைமர் அடித்தும் நிறுத்த முடியவில்லை. நான் கடைசி வரிசையில் ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.